மார்கழியில் எடுத்த வண்டி

டிசம்பர் 7, 2025, ஞாயிறு

மதுரை காளவாசல் சிக்னலில் என் பழைய ஸ்ப்ளெண்டர் பைக் இன்று நின்றேவிட்டது. 2009இல் வாங்கியது. தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறை அண்ணனிடம் விட்டேன். திறந்து பார்த்தவர், "இதுக்கு மேல இதுல காசு போடாத தம்பி" என்று சொல்லிவிட்டு டீ சொன்னார். அவர் டீ சொன்னால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

ஆக, புது வண்டி. 125 சிசி போதும். நான், பின்னால் ஒரு ஆள், முன்னால் ஒரு காய்கறிப் பை. எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை, ஷோரூமைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரு நல்ல விஷயம். செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நான் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ஆர்டிஓ செலவும் இன்சூரன்ஸும் சேராத விலை, 92,000. இதே வண்டி பழைய வரியில் 99,800 வந்திருக்கும். ஸ்ப்ளெண்டர் அதுவரை தாக்குப்பிடித்ததே பெரிய உபகாரம்.

டிசம்பர் 9, செவ்வாய்

பைபாஸ் ரோட்டில் முதல் ஷோரூம். உள்ளே நுழைந்ததும் ஏசி, தண்ணீர் பாட்டில், டை கட்டிய ஒரு தம்பி. வயது இருபத்தி மூன்று இருக்கும். "சார், ஃபைனான்ஸா, ரெடி கேஷா?" என்பதுதான் முதல் கேள்வி. ரெடி கேஷ் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை.

கொட்டேஷன் தந்தான். அப்படியே எழுதுகிறேன்: வண்டி 92,000. ஆர்டிஓ 11,800. இன்சூரன்ஸ் 8,200. ஃபிட்டிங்ஸ் 4,650. ஹேண்ட்லிங் 1,500. கூடுதல் வாரன்டியும் ரோட்டோர உதவியும் 1,850. டெஃப்லான் கோட்டிங் 900. எல்லாம் சேர்த்து, அதாவது ஆன் ரோடு, 1,20,900.

"விலையில ஏதாவது பாத்துப் போட்டுக் கொடுங்க தம்பி" என்றேன். எக்ஸ் ஷோரூம் கம்பெனி வைக்கிற விலை, அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது, வேண்டுமென்றால் கீ செயின் தருகிறேன் என்றான். கீ செயினை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

மச்சினனுக்குப் போன் போட்டேன். இப்போது கோயம்புத்தூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன் ஐந்து வருடம் ஒரு டூவீலர் ஷோரூமில் சேல்ஸில் இருந்தவன்.

"கேஷ்னு முதல்லயே சொல்லிட்டீங்களா மச்சான்? போச்சு. லோன் போடுறவனுக்குத்தான் அங்க காபி."

ஒவ்வொரு லோனுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி ஷோரூமுக்கு ஒரு தொகை தருமாம். நாம் கட்டும் வட்டியில்தான் அது வரும். 'வெறும் 10 சதவீதம் வட்டி' என்று போர்டு வைத்திருப்பது ஃப்ளாட் வட்டி, அதாவது கட்டக் கட்டக் குறையாமல் கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டி. 80,000 ரூபாயை மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் 2,889. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

டீலருக்கு வண்டி என்ன விலைக்கு வருகிறது என்று கேட்டேன். நான் தெரிந்துகொள்ள நினைத்ததே அதுதான். அவன் சிரித்தான். "அது தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல மச்சான்." அவன் இருந்த கடையில் ஒரு 125 சிசி வண்டிக்கு நாலாயிரம், ஐயாயிரம்தான் லாபமாக நின்றதாம். வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். அதனால் கொட்டேஷனின் முதல் வரியில், வண்டி விலையில், பேரம் பேசினால் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. சம்பாத்தியம் எல்லாம் அதற்குக் கீழே உள்ள வரிகளில்: இன்சூரன்ஸ் கமிஷன், ஃபிட்டிங்ஸ், வாரன்டி, ஹேண்ட்லிங். கொட்டேஷனைக் கீழிருந்து மேலே படிக்கச் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். டீலர் வண்டிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி நிறுத்துவதில்லை. பேங்க் கடன். 80,000 முதல் போட்ட வண்டிக்கு வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 700 ரூபாய். வண்டி கோடவுனில் தூங்கினாலும் வட்டி தூங்காது. "ரொம்ப நாளா நிக்கிற வண்டி எதுன்னு பாருங்க. அதுலதான் மேனேஜர் இறங்கி வருவாரு."

இவன் சேல்ஸில் இருந்த காலத்தில் எனக்கு இதையெல்லாம் சொன்னதே இல்லை.

டிசம்பர் 13, சனி

அதே கம்பெனியின் இரண்டாவது டீலர், ஊரின் இன்னொரு மூலையில். 1,14,600. வண்டி விலை அதேதான், கீழே உள்ள வரிகள் மட்டும் வேறு. இங்கே ஹேண்ட்லிங் இல்லை, அதற்குப் பதில் 'டாக்குமென்டேஷன்' என்று 750. பெயர்ப் பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறார்கள். திருமங்கலத்தில் ஒரு சப் டீலரிடமும் போனில் கேட்டேன், 1,19,000. அவரே இன்னொருவரிடம் எடுத்து விற்கிறவர், பாவம், அவரிடம் போய் என்ன பேசுவது.

சாயங்காலம் பக்கத்துத் தெரு இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் கொட்டேஷனைக் காட்டினேன். புது டூவீலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து. 75 முதல் 150 சிசி வரை பிரீமியம் 3,851 என்பது அரசு நிர்ணயித்தது, எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி சேர்த்தால் 4,544. பேரத்துக்கு இடம் இருப்பது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியில். அதை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். ஆக மொத்தம் 5,900க்கு அவர் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அவருடைய பிழைப்பும் அதுதானே.

ஆர்டிஓ வரியையும் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையிலான டூவீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், தாண்டினால் 12. நம் வண்டிக்கு 9,200. பதிவுக் கட்டணம், ஸ்மார்ட் கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். 11,800 எப்படி வந்தது?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. அம்மா காலையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "மார்கழியில யாராவது வண்டி எடுப்பானா? தை பொறக்கட்டும்."

எனக்கோ மார்கழிதான் வேண்டும். யாரும் வாங்காத மாதம், வருடக் கடைசி, டார்கெட். தை பிறந்தால் ஷோரூம் வாசலில் பந்தல் போட்டு நிற்பார்கள், என் பேரத்தை யார் கேட்பது? மனைவி நடுவில் வராமல் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 20, சனி

மறுபடியும் முதல் ஷோரூம். வேண்டுமென்றே மூன்று மணிக்குப் போனேன். மூன்று வாடிக்கையாளர்களும் ஏழு ஊழியர்களும் இருந்தார்கள்.

தம்பியிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வரி வரியாக எழுதினேன். ஆர்டிஓவுக்கு ரசீதில் என்ன இருக்கிறதோ அதைத் தருகிறேன், 10,200 வரை. இன்சூரன்ஸ் வெளியே 5,900. ஹேண்ட்லிங் வேண்டாம், ஃபேக்டரியிலிருந்து இங்கே வரும் செலவு ஏற்கெனவே விலையில் இருக்கிறது. ஃபிட்டிங்ஸ் பட்டியலில் சாரி கார்டு 650, ஹெல்மெட் 1,100 என்று இருந்தது. பின் சக்கரத்தில் துணி சிக்காதபடி தடுப்பு (அதுதான் சாரி கார்டு) இல்லாமல் பைக்கைத் தயாரிக்கவே கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. ஹெல்மெட்டை வண்டியோடு தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது விதி 138. விதி எண்ணைச் சொன்னதும் தம்பி என்னை வக்கீல் என்று நினைத்துவிட்டான். "இருங்க சார், மேனேஜரைக் கூப்பிடுறேன்."

மேனேஜர் நல்ல மனிதர். ஹெல்மெட், சாரி கார்டு இரண்டையும் உடனே விட்டார். ஹேண்ட்லிங்கை அரை மனதோடு விட்டார். கோட்டிங், வாரன்டி இரண்டையும் நானே வேண்டாம் என்றேன். இன்சூரன்ஸை 6,300க்குக் கொண்டுவந்தார். 400 ரூபாய்தானே வித்தியாசம், பின்னால் கிளெய்ம் என்று வந்தால் ஒரே இடத்தில் முடியும், சரி என்றேன். கிராஷ் கார்டும் சீட் கவரும் மட்டும் 1,400. மொத்தம் 1,09,900.

அதற்கு மேல் ஒரு ரூபாய் நகரவில்லை. அப்போதுதான் கோடவுனைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் தகரக் கொட்டகை. வரிசையில் கடைசியில் ஒரு நீல வண்டி, சீட்டில் தூசு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 0925. 2025இன் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான், மார்ச் மாத வண்டி, நீலம் இந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது, எல்லாருக்கும் கறுப்புதான் வேண்டும்.

ஒன்பது மாதம். மாதம் 700. 6,300 ரூபாய் வட்டியை அந்த நீல வண்டி தின்று முடித்திருக்கிறது. அதில் அவர்களுக்கு லாபம் போய் ரொம்ப நாளாகிறது.

"இதையே எடுத்துக்கிறேன், என்ன குறைப்பீங்க?"

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்தார். 2,000 என்றார். நான் 6,000 என்றேன். டீ வந்தது. 3,500. நான் எழுந்து செருப்பு மாட்டினேன். இது எல்லாரும் செய்கிறதுதான், இருந்தாலும் வேலை செய்கிறது. 4,500, புது பேட்டரி. முடிந்தது. 1,05,400.

பழைய ஸ்டாக்கை யாராவது தேடிப்போய் வாங்குவார்களா என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்தில் விற்கிறவர்கள் வாங்கக் கூடாது, விற்பனைச் சான்றிதழிலும் ஆர்சியிலும் தயாரிப்பு மாதம் இருக்கும், விலையில் அடிப்பார்கள். நான் போன வண்டியைப் பதினாறு வருடம் ஓட்டியவன். வாரன்டியோ விற்ற தேதியிலிருந்துதான் ஆரம்பம்.

டிசம்பர் 21, ஞாயிறு

பட்டறை அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பெட்ரோல் டேங்க்குக்குள் டார்ச் அடித்துத் துரு பார்த்தார், செயின், ஃபோர்க் சீல் எல்லாம் பார்த்தார். செயினுக்கு எண்ணெய் மட்டும் போடச் சொன்னார். "கல்யாணமாகாத பொண்ணு மாதிரி சும்மா நின்னுருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். உவமை எனக்குப் பிடிக்கவில்லை, வண்டி பிடித்துவிட்டது.

டிசம்பர் 22, திங்கள்

அம்மா காலண்டரைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "முப்பதாம் தேதி வைகுண்ட ஏகாதசி. பெருமாள் சொர்க்கவாசல் திறக்கிற நாளுக்கு மார்கழி என்ன, தை என்ன. அன்னிக்கு எடு."

ஆனால் அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெறுவாய் என்பாளே என்று பயந்தேன். அரை மணி நேரம் யோசித்து, பெருமாள் நாளுக்குக் கிழமை கிடையாது என்று அவளே தீர்த்துவைத்தாள். மாதக் கடைசியும் ஏகாதசியும் ஒன்றாக வந்ததற்கு மேனேஜர்தான் விரதம் இருக்க வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

பில் போட்டாயிற்று. முன்பணம் கட்டும் முன் மொத்தத் தொகை, சேஸிஸ் எண், புது பேட்டரி மூன்றையும் கொட்டேஷனில் எழுதி சீல் வாங்கினேன். மச்சினன் சொல்லியிருந்தான், வாயால் சொன்னது டெலிவரி அன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று.

தம்பி தனியாக வந்து கேட்டான்: "சார், வாரன்டி மட்டுமாவது போட்டுக்கங்களேன். எங்களுக்கு வண்டிக்குக் கணக்கு இல்ல, இதுலதான் இன்சென்டிவ்." கஷ்டமாக இருந்தது. 1,250 என்றவன் 1,100க்கு வந்தான். போட்டுக்கொண்டேன். எனக்கு அது தேவையா என்றால், தேவையில்லைதான். 1,06,500.

டிசம்பர் 30, செவ்வாய்

எமகண்டம் கழிந்து பத்தரைக்கு மேல் டெலிவரி. நம்பர் பிளேட்டோடு நின்றது நீல வண்டி. ஆர்டிஓ ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், 10,200க்குள்தான். மீதம் இருந்த சில்லறையை ஜிபேயில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஷோரூம் சரித்திரத்தில் இது முதல் தடவையாக இருக்கலாம்.

கூடலழகர் கோயில் பக்கம் போனால் கூட்டத்தில் வண்டியை நிறுத்தவே இடமில்லை. தெருமுனையில் வைத்தே அம்மா எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். ஹெல்மெட் மட்டும் தரவில்லை. ஸ்டாக் இல்லையாம், அடுத்த வாரமாம்.

ஜனவரி 25, 2026, ஞாயிறு

போன வாரம் முதல் சர்வீஸ். ஹெல்மெட்டை நான்காவது தடவையாகக் கேட்டேன். தம்பி அங்கே இல்லை, எதிர் வரிசையில் ஒரு கார் ஷோரூமுக்குப் போய்விட்டானாம். புதிதாக வந்தவன் உள்ளே போய்த் தேடி ஒன்றைக் கொண்டுவந்தான். சின்ன சைஸ். என் தலையில் பாதிதான் இறங்கியது.

அம்மாவுக்குக் கச்சிதமாக இருக்கிறது. இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள்.