ஓடிப்போன அந்த ஒரு கோப்ளின்

மூன்று வருடமாக ஒரே டி அண்ட் டி கேம்பெய்னை, அதாவது மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒரு தொடர்கதையை, அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி நடத்திக்கொண்டிருக்கிறேன். நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன்; எதிரில் ஆளுக்கொரு பாத்திரமாக நான்கு பேர். அவர்கள் ஐந்தாம் லெவலுக்கு வந்த அன்று எங்கள் விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதிப் பாத்திரத்துக்கு, ஃபயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம் கிடைத்தது. புது மந்திரம் கிடைத்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? அன்றைக்குப் பார்த்து நான் ஒரு குன்றுச் சரிவில் பதின்மூன்று கோப்ளின்களை, குட்டி அரக்கர்களை, கும்பலாக, தோளோடு தோள் உரச நிறுத்தி வைத்திருந்தேன். எட்டு ஆறுபக்கப் பகடை, சராசரியாக 28 சேதம். கோப்ளினுக்கு இருப்பதோ 7 ஹிட் பாயிண்ட், அது தீர்ந்தால் சாவு. சேவிங் த்ரோவில், தப்பிக்க உருட்டும் பகடையில், ஜெயித்தாலும் பாதி சேதம் உண்டு, அதாவது 14, அதுவும் சாவுதான். ஒரே வீச்சில் பன்னிரண்டு பேர் கரிக்கட்டை.

பதின்மூன்றாவது ஆள் வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தான். அவனுக்குக் காது மட்டும் கருகியது என்று நான் சும்மா ஒரு வர்ணனைக்காகச் சொல்லி வைத்தேன். அவன் ஓடினான். பலடின், எங்கள் கவச வீரர், துரத்தலாமா என்று கேட்டார். "விடுப்பா, ஒத்தைக் கோப்ளின்தானே" என்றார் விஸார்ட். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

எதிரி இனங்கள் எவ்வளவு ஆபத்தாக இருக்க வேண்டும் என்று டிஎம்கள் கூடினாலே பேச்சு வரும். பெரும்பாலும் அந்தப் பேச்சு எண்ணிலேயே நின்றுவிடும். சேலஞ்ச் ரேட்டிங் என்ற ஆபத்து அளவு கோபோல்டுக்கு 1/8, கோப்ளினுக்கு 1/4, ஆர்க்குக்கு 1/2, ஓகருக்கு 2, ட்ராலுக்கு 5, ஆகவே இந்த லெவலுக்கு இது பொருந்தும், அந்த லெவலுக்கு அது பொருந்தும், முடிந்தது கதை. எனக்கு அது போதவில்லை. என் கட்சி இதுதான்: உயிருக்குப் பயப்படுகிற எதிரிதான் ஆபத்தானவன். கடைசி ஆள் வரைக்கும் நின்று சாகிற இனம் பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். செத்தவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, யாரிடமும் போய்ச் சொல்வதுமில்லை.

அந்தக் கருகின காது போய்ச் சொன்னான்.

மூன்று ஆட்டம் கழித்து ஒரு காட்டுப் பாதையில் மறுபடி பன்னிரண்டு கோப்ளின்கள். 2014 டிஎம் புத்தகக் கணக்குப்படி பார்த்தால், ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), பன்னிரண்டுக்கு 600, கூட்டமாக வருவதால் மூன்றால் பெருக்கினால் 1800. ஐந்தாம் லெவலில் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 1000 வந்தால் 'சுலபம்', 2000 வந்தால்தான் 'நடுத்தரம்'. ஆகப் புத்தகம் என்ன சொல்கிறது? சுலபமான சண்டை.

ஆனால் இந்தத் தடவை எந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவில்லை. ஃபயர்பால் 150 அடி போகும், விழுந்த இடத்திலிருந்து 20 அடிக்கு வெடிக்கும், விஸார்ட் தன் முறையில் 30 அடி நடந்துவிட்டு வீசலாம், ஆக 200 அடி. கோப்ளின்கள் 200 அடிக்கு அந்தப் பக்கம், புதருக்கு ஒருவராக. குறுவில் 80 அடி வரைக்கும் நேராகப் பாயும், 320 அடி வரைக்கும் டிஸ்அட்வான்டேஜோடு பாயும், அதாவது இருபதுபக்கப் பகடையை இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். ஒளிந்திருந்து எய்தால் அட்வான்டேஜ் உண்டு, பெரியதை எடுக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மிச்சம் சாதாரண வீச்சு. எய்துவிட்டு அதே முறையில் மறுபடி ஒளிந்துகொள்ளலாம், அது கோப்ளினுக்குப் பிறவி வரம். விஸார்ட் முப்பது அடி முன்னால் வந்தால் இவர்கள் முப்பது அடி பின்னால் போனார்கள். பலடினின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவரை அடிக்க எட்டவேண்டிய எண், 18; கோப்ளின் இருபதுபக்கப் பகடையோடு 4 கூட்டிக்கொள்ளும், நூற்றுக்கு 35 அம்பு தைக்கும். எல்லாரும் அவரையே குறிவைத்தால் ரவுண்டுக்கு நான்கு அம்பு, சராசரி 23 சேதம். அவரிடம் மொத்தமே 44 ஹிட் பாயிண்ட். சில கோப்ளின்கள் ஒளியத் தெரியாமல் மாட்டிக்கொண்டன, மூன்று செத்தன. மற்றவை அரை மணி நேரம் என் ஆட்களுக்குத் தண்ணி காட்டிவிட்டு மறைந்துபோயின. விஸார்ட் இரண்டு தடவை மயங்கி விழுந்து எழுந்தார்.

நான் ஒரு ஹிட் பாயிண்ட்கூடக் கூட்டவில்லை. அவர்களுக்கு விஷ அம்பு தரவில்லை, மந்திரவாதி தரவில்லை. அதே 7 ஹிட் பாயிண்ட் கோப்ளின்தான். ஃபயர்பால் என்றால் என்ன என்று அவர்களுக்கு இப்போது தெரியும், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆட்டக்காரர்கள் வளர வளர எதிரியையும் கூடவே வளர்த்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சில கணினி விளையாட்டுகளில் பார்த்திருப்பீர்கள், நாம் இருபதாம் லெவலுக்கு வந்ததும் வழிப்பறித் திருடன்கூட ராஜா மாதிரிக் கவசம் போட்டுக்கொண்டு வருவான். அவனுக்கு அது எங்கிருந்து வந்தது? அதை விற்றாலே ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாமே, ஏன் வழிப்பறி செய்கிறான்? மேசையில் நாம் அதையே செய்தால் லெவல் ஏறியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். கோப்ளின் கோப்ளினாகவே இருக்கட்டும். ஒன்பதாம் லெவலில் நான்கு கோப்ளின்களை வழியில் பார்த்தால் ஆட்டக்காரர்கள் கொட்டாவி விடட்டும், அது அவர்கள் சம்பாதித்த கொட்டாவி.

அதற்காகக் கூட்டத்தைக் குறைத்து எடைபோடவும் கூடாது. ஐந்தாம் பதிப்பில் ஆர்மர் கிளாஸ் வானத்துக்கு ஏறாது. 20 ஆர்மர் கிளாஸோடு இரும்புச் சுவர் மாதிரி நிற்கிறவரைக்கூடக் கோப்ளின் நான்கில் ஒரு தடவை தொட்டுவிடும். இருபது பேர் எய்தால் ஐந்து அம்பு, ரவுண்டுக்கு 27 சேதம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதைப் பகடையில் பார்க்கலாம். பழைய ஏடி அண்ட் டி முதல் பதிப்பில் இதற்கு நேர் எதிர். ஒரு ஹிட் டைஸுக்குக் கீழே உள்ள, அதாவது உயிர் மிகக் குறைந்த, எதிரிகள் மீது ஃபைட்டர் என்ற சண்டை வீரருக்கு லெவலுக்கு ஒரு அடி, எட்டாம் லெவல் ஃபைட்டர் ஒரே ரவுண்டில் எட்டுத் தடவை வெட்டுவார், கோப்ளின் கூட்டம் என்பது அறுவடை. இரண்டில் எது சரி என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை, உங்கள் விதிப்புத்தகம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், நான் பண்ணிய பெரிய தப்பு ஒன்று. இதற்கு முந்தைய கேம்பெய்னில், முதல் லெவல், முதல் நாள், நான்கு ஹாப்கோப்ளின்கள், கோப்ளின்களின் பெரிய உறவினர்கள். காகிதத்தில் சேலஞ்ச் ரேட்டிங் 1/2, ஹிட் பாயிண்ட் 11, பார்க்கப் பரம சாது. ஆர்மர் கிளாஸ் 18 என்பதைக் கவனித்தேன். மார்ஷியல் அட்வான்டேஜ் என்று கீழே இருந்த வரியை மேலோட்டமாகப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். அடிபடுகிறவரின் பக்கத்தில் இன்னொரு கூட்டாளி நின்றால், முறைக்கு ஒரு தடவை இரண்டு ஆறுபக்கப் பகடை கூடுதல் சேதம். வாளோடு சேர்த்தால் சராசரி பன்னிரண்டு சொச்சம். முதல் லெவல் விஸார்டிடம் இருப்பது எட்டு. இரண்டாம் ரவுண்டு முடிவதற்குள் நான்கில் மூன்று பேர் தரையில். ஒருவர் அன்றுதான் முதல்முறையாக இந்த விளையாட்டுக்கே வந்தவர், பாத்திரத்துக்கு இரண்டு பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்ததை இன்னும் மறக்கவில்லை. மறுபடி அவர் வரவில்லை.

அந்தச் சேதத்தைவிட, அது சொல்லாமல் கொள்ளாமல் வந்ததுதான் தப்பு. இப்போதெல்லாம் ஹாப்கோப்ளின் வருவதற்கு முன்னாடியே அவர்கள் கைவேலையைக் காட்டிவிடுகிறேன். கைவிட்டுப்போன ஒரு காவல் சாவடி, சுவரில் முதுகு சாய்த்தபடி ஏழு பிணம், ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டு, ஒன்று முன்னாலிருந்து, ஒன்று விலாப்பக்கத்திலிருந்து. அதைப் பார்த்ததும் எங்கள் ரோக் (திருடன் பாத்திரம்), "இவனுங்க ஜோடியாத்தான் அடிக்கிறானுங்க, நம்மளைச் சுத்த விடக்கூடாது" என்றார். அவ்வளவு போதும். இனிமேல் யாராவது செத்தாலும் என்னைத் திட்டமாட்டார்கள். சரி, கொஞ்சம் திட்டுவார்கள்.

ஓடுவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் நான் அதைத்தான் எடுத்து ஒட்டவைத்துக்கொள்கிறேன். 1981இல் வந்த டி அண்ட் டி பேசிக் தொகுப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மொரேல், அதாவது மன உறுதி, என்று ஓர் எண். கோபோல்டுக்கு 6, கோப்ளினுக்கு 7, ஆர்க்குக்கு 8. முதல் ஆள் சாகும்போதும், பாதிக் கூட்டம் விழும்போதும் இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டு. அந்த எண்ணைவிட அதிகமாக விழுந்தால் ஓட்டம் அல்லது சரண். கோபோல்ட் ஓடுவதற்கு நூற்றுக்கு 58, கோப்ளின் 42, ஆர்க் 28. மூன்றே எண், ஆனால் மூன்று இனத்துக்கும் மூன்று குணம் வந்துவிடுகிறது. கோபோல்ட் வெடவெடக்கும், ஆர்க் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஓடுகிற ஒவ்வொருவனும் எங்கே போவான் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன். புலி பதுங்குவது பாயத்தான் என்பார்கள், இங்கே கோபோல்டும் அப்படித்தான்.

டி அண்ட் டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அங்கே கோப்ளின் குகைக்குப் பக்கத்தில் ஓர் ஓகர் குடியிருக்கிறது. ஆபத்து வந்தால் கோப்ளின்கள் 250 பொன் உள்ள பையை ரகசியக் கதவு வழியாக அதனிடம் வீசி உதவி கேட்கும். அதைவிட அழகு, 'ப்ரீ-யார்க்' என்றால் கோப்ளின் பாஷையில் 'சரணடைகிறோம்' என்று அர்த்தம் என ஊருக்குள் ஒரு வதந்தி. அது பொய், உண்மையில் அது ஆட்களைத் துணைக்குக் கூப்பிடும் கூச்சல். வதந்தியை நம்பி வாளை இறக்கிய குழுவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டோடு ஓர் ஏற்பாடு, வெளியாள் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரே சொல், கோப்ளின் பயங்கரமாகிவிட்டது.

டி அண்ட் டிக்கான டிராகன் இதழின் 127ஆம் எண்ணில், 1987இல், ரோஜர் மூர் எழுதிய 'டக்கரின் கோபோல்டுகள்' தலையங்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறிலிருந்து பன்னிரண்டாம் லெவல் வரையுள்ள ஆட்கள், குறுகலான வழிகளில் நெருப்பும் சுவர் ஓட்டைகளுமாக வந்து மடக்கும் கோபோல்டுகளுக்குப் பயந்து ஓடிய கதை. நல்ல கதை. ஆனால் அதைப் படித்த டிஎம்களில் பாதிப் பேர் உலகத்தில் உள்ள எல்லாக் கோபோல்டையும் பொறியியல் மேதையாக்கிவிட்டார்கள். அதுவும் சலிப்புதான். அந்தக் கோபோல்டுகளின் பலம் அவர்களுடைய சொந்தச் சுரங்கம். அங்கிருந்து வெளியே வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் கண் கூசி நிற்கும். ஓர் இனத்துக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியட்டும், மற்றது தெரியாமல் போகட்டும்.

ட்ரால் விஷயத்தில் ஒன்று. நெருப்பும் அமிலமும் படாவிட்டால் அது 2014 விதிப்படி முறைக்கு 10 ஹிட் பாயிண்ட் திரும்பப் பெறும் என்று ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களை ஏமாற்ற, "இந்த ட்ராலுக்கு நெருப்பு ஒன்றும் செய்யாது" என்று மாற்றும் டிஎம்கள் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டதற்குத் தண்டனையா? என் ட்ரால் நெருப்புக்குப் பயப்படும். பயப்படுவதால்தான் ஆற்றுக்குள் இருக்கிறது, கழுத்தளவுத் தண்ணீரில்.

இனி, பிறவியிலேயே கெட்ட இனம் என்ற சமாசாரம். 2024 விதிப்புத்தகத்தில் ரேஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஸ்பீசீஸ் என்று போட்டார்கள், ஆர்க்கும் அந்தப் புத்தகத்திலேயே ஆட்டக்காரர்கள் எடுக்கக்கூடிய பாத்திரமானது, எதிரிகளைப் பட்டியலிடும் 2025 மான்ஸ்டர் மேனுவலில் ஆர்க்குக்கென்று தனிப் பக்கமே இல்லை. தமிழில் இரண்டுக்கும் இனம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், நமக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும், தீரவில்லை. இதில் பழைய ஆட்கள் கோபப்படுவதும் எனக்குப் புரிகிறது, ஆர்க் இல்லாத மான்ஸ்டர் மேனுவல் எனக்கும் வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் டிஎம்மாக யோசித்தால், ரத்தத்திலேயே கெட்டவன் எனக்குப் பயன்படாத எதிரி. அவனோடு பேச முடியாது, விலை பேச முடியாது, அவனைப் பயமுறுத்தவோ பிரிக்கவோ முடியாது. சண்டையோடு சேர்த்து ஐந்து கதவு இருக்கிற இடத்தில் நான்கை நானே ஆணியடித்து மூடுவானேன்? அப்படிப்பட்ட எதிரி கேம்பெய்னுக்கு ஒன்று போதும். என்னிடம் அது நோல்கள், கழுதைப்புலித் தலை கொண்ட கூட்டம். அவை பேசாது, வாங்காது, தின்னும். அவை வருகிறது என்றால் கோப்ளின்களே வழிவிட்டு ஓடும்.

இப்போது என் ஆட்கள் ஒன்பதாம் லெவல். கருகின காதுக்காரன் இன்னும் இருக்கிறான், நாற்பது பேருக்குத் தலைவன். போன ஆட்டத்தில் தூது அனுப்பினான்: வடக்கிலிருந்து நோல்கள் வருகின்றன, கணவாயில் வைத்து எரிக்க நெருப்புக்காரர் வேண்டும், பதிலுக்குக் காட்டுப் பாதையை விட்டுத்தருகிறோம். ஒன்றரை மணி நேரம் சண்டை. "அவனை நம்பவே கூடாது" என்றார் பலடின். "நம்மளை அவன் அளவுக்குப் புரிஞ்சுவெச்ச ஆள் இந்த ஊர்லயே இல்ல" என்றார் விஸார்ட்.

கடைசியில் சந்திக்கப் போனார்கள். திறந்த வெளி. வரைபடத்தில் கோப்ளின் பொம்மையை வைத்தேன், அவன் அங்கிருந்தே கத்திப் பேச ஆரம்பித்தான். விஸார்ட் பதில் சொல்லவில்லை. குனிந்து, தன் பொம்மையிலிருந்து விரலால் கட்டங்களை எண்ணினார், ஐந்தடிக்கு ஒரு கட்டம். நாற்பத்தொன்று. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.