செய்தி போய்ச் சேர்ந்த இடம்

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில், வானிலை ஆலோசனையை விவசாயிகளிடம் கொண்டு சேர்ப்பதுதான் என் வேலை. செவ்வாயும் வெள்ளியும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் அறிக்கை வரும். ஐந்து நாள் மழை, காற்று, அதற்கேற்ற பயிர்க் குறிப்புகள் அதில் இருக்கும். 2019-இல் அதையே போனில் காட்டும் ‘மேகதூத்’ செயலியும் வந்துவிட, பாதிப் பாரம் இறங்கியது என்றே நினைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு அக்காவின் வயலுக்குப் போனேன். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் சம்பா நெல். மேலுரம் போட்ட மறுநாளே மழை கொட்டியிருந்தது. வரப்பு தெரியவில்லை. யூரியா முழுக்க வாய்க்காலோடு போயிருந்தது. காலி மூட்டையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

“மெசேஜ் வரலையாக்கா?”

“வந்துச்சு தம்பி, மவன் போனுக்கு. அவன் திருப்பூர்ல நைட் ஷிப்டு. காலையில ஷிப்டு முடிஞ்சு பாத்துட்டுதான் சொன்னான்.”

செய்தி அனுப்பும் எண்களின் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயருக்கு எதிரே மகனின் எண். எழுதியது என் கை. வீட்டுக்கு ஒரு எண் போதும் என்று வாங்கியிருந்தேன். வயலில் இறங்குவது யார் என்று கேட்கவே இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். சென்னையில் ஒருவர் எடுத்தார், இன்னொருவர் திருப்பூரில். சில எண்கள் சிங்கப்பூரில் இருந்தன.

புதுச்சேரி வீராம்பட்டினத்தில், இணையத்தில் வந்த அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்களே, அது நினைவுக்கு வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சி அது. நாங்களும் கோயில் மைக்கைக் கேட்டு வாங்கினோம். பட்டன் போன் வைத்திருக்கும் பெண்களுக்குக் குரல் அழைப்பு. “நாளை மறுநாள் மழை, இன்னிக்கு உரம் போடாதீங்க, வடிகாலை வெட்டிவிடுங்க.” அவ்வளவுதான். ஈரப்பத சதவீதமெல்லாம் யாருக்கு வேண்டும்?

மார்கழிக்குள் ஓய வேண்டிய மழை 2021 ஜனவரியிலும் விடாமல் பெய்தது. இந்த முறை அக்காவுக்குச் செய்தி நேரத்துக்கே போயிருந்தது. கதிர் முற்றி நின்றது. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வேண்டும். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அதற்கே அலைந்தது. மூன்று மாவுக்கு யார் முதலில் வருவார்கள்? மிஷின் வருவதற்குள் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளை விட்டுவிட்டது.

ஒரு கதிரை ஒடித்து என் கையில் கொடுத்தார். “மழை வரும்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு தம்பி. மிஷினுக்கு யார்ட்ட போன் போடறது?”

இப்போது என் பதிவேட்டில் மிஷின்காரர்களின் எண்களும் இருக்கின்றன. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே, சின்ன வயல்களை ஒன்றாகச் சேர்த்து அவர்களிடம் பேசி வைக்கிறோம்.