அளவு நாடாவும் ஜன்னல் வெளிச்சமும்: உடுத்தவும் ஒப்பனை செய்யவும் பழகிய குறிப்புகள்

உடலமைப்புக்குப் பொருந்த உடுத்துவதையும், முகத்துக்கு எளிய ஒப்பனை செய்துகொள்வதையும் ஒரு பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து முறையாகப் பழகி வருகிறேன். என் உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல். தோள் ஒடுக்கம், இடுப்பு அகலம், நிறம் மாநிறம். இந்த உடம்புக்கும் வேலூர் வெயிலுக்கும் எது ஒத்துவருகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து நோட்டில் குறித்துவைத்தவற்றை, புதிதாகத் தொடங்குவோருக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் கவனித்தது ஜாக்கெட்டைத்தான். சேலை எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஜாக்கெட் தோளில் சரியாக உட்காராவிட்டால் கட்டு எடுபடாது என்பது என் திடமான முடிவு. சேலைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது நல்ல தையலுக்குக் கொடுக்கலாம். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் வழக்கம்போல் அளவு ஜாக்கெட்டை நீட்டியபோது, அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “இத்த தச்ச காலத்து ஒடம்பு இப்ப இல்ல கண்ணு. நேரா நில்லு, ஒடம்புல அளவு எடுத்துக்கறேன்” என்றார். உயரம், தோள், மார்புச் சுற்று, அதன் கீழ்ச் சுற்று, கைக்குழி, கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று தனித்தனியே எடுத்தவர், தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள தூரத்தையும் கேட்காமலே குறித்துக்கொண்டார். துணி உடம்பின் வளைவுக்குப் படிய உள்பக்கம் மடித்துத் தைக்கும் டாட்டைப் பிடிக்கும் இடம் அந்தத் தூரத்தைப் பொறுத்தது. டாட்டின் நுனி மார்பு முனைக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்பாகவே நின்றுவிட்டால் துணி ஒட்டினாற்போல் படிகிறது. முனையைத் தாண்டிப் போனால் அங்கே கூம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஜாக்கெட்டோடு எந்த உள்ளாடையை அணிவோமோ அதையே அணிந்துகொண்டு அளவு கொடுப்பது அவசியம். பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால், பின்னாளில் உடம்பு பூசினாலும் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

கை நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கை முடியும் இடத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறுக்குக் கோடு விழுகிறது. அந்தக் கோடு மார்புக்கு நேராக வந்தால் மேலுடம்பு அகன்று தெரியும், முழங்கைக்குச் சற்று மேலே இறங்கினால் ஒடுங்கித் தெரியும். அதனால் எல்லோரும் நீளக் கையே வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னைப் போல் தோள் ஒடுங்கி இடுப்பு அகன்றவர்களுக்கு மேலே அந்த அகலம் வேண்டியிருக்கிறது என்பதை, ஒரே சேலைக்கு வெவ்வேறு கை நீளமுள்ள ஜாக்கெட்டுகளை அணிந்து, கண்ணாடி முன் நின்று ஒப்பிட்டபோதுதான் கண்டேன். குட்டைக் கையும் தோளெலும்பை ஒட்டிப் படகு வடிவில் போகும் கழுத்தும் சேர்ந்தபோது இடுப்பின் அகலம் கண்ணை உறுத்தவில்லை. தோள் அகன்றவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, இறங்கிய கழுத்தும் முழங்கை அளவுக் கையும் நன்றாக இருக்கும்.

சேலைகளில் எனக்கு வாய்த்தது ஆரணிப் பட்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், எங்கள் வீடுகளில் கல்யாணச் சேலை எடுக்க இன்றும் அங்கேதான் போகிறோம். கனத்த சரிகை இல்லாத ஆரணிப் பட்டு மடிப்புக்கு எளிதாகப் படிவதால், கட்டப் பழகுபவருக்கு அது கைகொடுக்கும். கரையின் அகலத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்: குள்ளமானவர் முழங்கால் வரை ஏறும் பெரிய கரையைக் கட்டினால் உயரம் இரண்டாகத் துண்டுபட்டுத் தெரிகிறது, இரண்டு மூன்று அங்குலக் கரையும், சேலையின் உடலும் கரையும் அருகருகே உள்ள நிறங்களுமாக இருந்தால் தலை முதல் கால் வரை ஒரே ஓட்டமாகத் தெரிகிறது. முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்தும்போது கடைசி மடிப்பு நேர்க்கோடாகக் கீழே இறங்குமாறு விட்டால், அந்த ஒரு கோடே உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறது.

உள்பாவாடை வெளியே தெரியாத பொருள் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சுருக்கு வைத்த பருத்திப் பாவாடையின் மொத்தச் சுருக்கும் இடுப்பில்தான் சேர்கிறது. அதன்மேல் கொசுவமும் சேர்ந்தால், இடுப்பு அகன்றவருக்கு இன்னும் அகலம் கூடுகிறது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒட்டித் தைத்த ஃபிஷ் கட் பாவாடைக்கு மாறிய பிறகு என் கட்டின் தோற்றமே மாறிவிட்டது. நாடாவைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் கட்டி, வெளியே போகும்போது அணியும் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகே சேலையைச் செருக ஆரம்பித்தால் கீழ்க்கரை தரையை ஒட்டி ஒரே சீராக நிற்கும். சுடிதாருக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை. டாப்ஸின் ஓரம் இடுப்பின் அகன்ற பகுதியில் முடியாமல் அதைத் தாண்டி இறங்கினால் போதும்.

ஒப்பனைக்கு வந்தபோது, வேலூரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெயில்தான் என்பது தெளிவாயிற்று. மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் கனமாகப் பூசிய எதுவும் நிற்காது. ஆகவே என் ஒப்பனையின் அடிப்படை சன்ஸ்கிரீன். அதன் காப்புத் திறனைக் குறிக்கும் எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால் புறஊதா பி கதிர்களில் ஏறக்குறைய 97 விழுக்காட்டைத் தடுக்கும்; ஆனால் பட்டாணி அளவு தடவினால் அந்தப் பலன் கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் தடவ வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். துத்தநாக ஆக்சைடு கலந்தவை மாநிறத்தில் வெள்ளைப் படலமாகத் தெரிவதுண்டு என்பதால், சாயம் கலந்த வகையைத் தேர்ந்துகொண்டேன்.

முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஃபவுண்டேஷன் வாங்குவதில்தான் நான் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன். லாங் பஜார் பக்கத்துக் கடைகளில் டியூப்லைட்டின் கீழ் புறங்கையில் தடவிப் பார்ப்பது வழக்கம்; புறங்கை வெயிலில் கறுத்திருப்பதால் அது முகத்துக்கு அளவாகாது. தாடையோரத்தில் கோடாக இட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். சில ஷேடுகள் காற்றுப் பட்டதும் சற்றுக் கறுக்கும். கோடு எங்கே இருக்கிறது என்று தேடும்படி மறைந்தால் அதுதான் நம் ஷேடு. விற்பவர், “ஒரு ஷேடு வெளுப்பா எடுத்துக்கோங்கக்கா, பளிச்சுனு இருக்கும்” என்று வற்புறுத்தினாலும் இணங்க வேண்டாம். வெளுத்த ஷேடு மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும், கழுத்து தனியாகத் தெரியும். நம் நிறத்தை மறைப்பதற்காக ஒப்பனை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையே நான் ஏற்கவில்லை. சிவப்பழகு தரும் என்று விற்கப்படும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து பரு கிளம்பும்.

ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, முகம் முழுக்கப் பூசாமல், மூக்கோரம், வாயோரம், கண்ணடி ஆகிய இடங்களில் மட்டும் ஃபவுண்டேஷனைப் புள்ளி வைத்து, நனைத்துப் பிழிந்த ஒப்பனை ஸ்பாஞ்சால் தட்டித் தட்டிப் பரப்புகிறேன். இழுத்துத் தேய்த்தால் கீழே உள்ள சன்ஸ்கிரீன் உருண்டு வந்துவிடும். கருவளையத்துக்கு முதலில் கருமையை ஈடுகட்டும் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லியதாக வைத்தால், மேலே பூசுவது நீலம் பாய்ந்து தெரியாது. மை கலையாதிருக்கக் கீழிமைக்கு அடியில் துளி பவுடரை ஒற்றுவது, புருவத்தில் இடைவெளி உள்ள இடத்தை மட்டும் பென்சிலால் நிரப்புவது ஆகியவை கைக்கு வந்துவிட்டன. ஐலைனர் இன்னும் இரு கண்ணிலும் ஒரே அளவாக வருவதில்லை. கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, சிறு சிறு கோடுகளாக இழுத்துப் பின்னர் இணைக்கும் முறையைப் பழகி வருகிறேன். உதட்டுக்குச் செங்கல் சிவப்பும் மெரூனும் மாநிறத்துக்கு மிகவும் எடுப்பாக இருக்கின்றன.

எந்தப் புதுப் பொருளானாலும் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் முழுக்கப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறேன். ஸ்டிக்கர் பொட்டின் பசையாலும் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுவதுண்டு. அரிப்பு தோன்றினால் சாந்துக்கோ குங்குமத்துக்கோ மாறிவிடுவது நல்லது. இரவில் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மையையும் உதட்டுச் சாயத்தையும் கரைத்து எடுத்துவிட்டு, பின்னர் முகம் கழுவுகிறேன்; பரு வரும் வாகுள்ள தோலுக்கு எண்ணெய்க்குப் பதில் ஒப்பனையைத் துடைத்தெடுக்க உதவும் மைசெல்லார் நீர் ஏற்றது. டப்பாவைத் திறந்த தேதியை அதன் அடியில் எழுதி ஒட்டிவிடுகிறேன். திறந்த மூடி போன்ற படத்துக்குள் 12எம் என்று அச்சிட்டிருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை பயன்படுத்தலாம். மஸ்காராவை மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.