டிஜிகேமும் டார்க்டேபிளும்: பறவைப் படங்களோடு ஐந்து மாதம்

வேடந்தாங்கலுக்குப் போய்வரும் ஒவ்வொரு காலையும் 800, 900 படங்களோடுதான் வீடு திரும்புகிறேன். 2010 முதல் இப்படிச் சேர்ந்தவை, கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம் படங்களையும் சேர்த்து 41,000-ஐத் தாண்டிவிட்டன. படங்களைவிட எனக்கு அருமையானவை, அவற்றோடு நான் எழுதிவைத்த குறிப்புகள்தாம். எந்த நீர்க்கடம்பில் எந்த நாரை கூடு கட்டியது, எந்த வாரத்தில் குஞ்சு வெளிவந்தது, அப்போது ஏரியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதையெல்லாம் படத்துக்குப் படம் எழுதி வந்தேன். சென்ற ஆண்டு வரை அவை அனைத்தும், நான் சந்தா கட்டிப் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் கேட்டலாக் கோப்புக்குள் இருந்தன. ஒரு நாள் அந்தக் கோப்பு திறக்கவில்லை. கையில் இருந்த பேக்கப் எட்டு மாதம் பழையது. படம் ஒன்றுகூடத் தொலையவில்லை; எட்டு மாதக் குறிப்புகள் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆகவே வேறு மென்பொருளைத் தேடத் தொடங்கியபோது, நான் எழுதுவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். எத்தனை ஸ்லைடர், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசியில் படங்களை அடுக்கி வைக்க டிஜிகேம், ரா கோப்புகளை, அதாவது கேமராவின் சென்சார் பதிந்த மூலத் தரவை, திருத்த டார்க்டேபிள் என்று முடிவு செய்தேன். இரண்டும் விலையில்லாத கட்டற்ற மென்பொருள்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்குபவை. டிஜிகேம் கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தது. டார்க்டேபிளை யோஹானெஸ் ஹனிகா 2009-இல் தொடங்கினார்; 2017 டிசம்பரில் வந்த 2.4 பதிப்பிலிருந்து அது விண்டோஸிலும் கிடைக்கிறது. அதன் இரண்டு முக்கியப் பகுதிகளுக்கு ஒளிமேசை, இருட்டறை என்று பொருள்படும் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் பரப்பி, லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த ஸ்டூடியோக்காரர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பெயர்கள் உடனே பிடித்துப்போயின.

முதல் வாரம் முழுவதும் டிஜிகேமின் அமைப்புப் பக்கங்களில்தான் கழிந்தது. டிஜிகேமும் எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில்தான் வைக்கிறது. ஆனால் நாம் கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறிய பக்கக் கோப்பு ஒன்றையும் எழுதிவைக்கும். நாம் கேட்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம், ஏனெனில் நிறுவியவுடன் இந்த வசதி அணைந்தே இருக்கும். மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) அமைப்பில் பக்கக் கோப்புகளுக்கான பகுதிக்குப் போய், படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என இரண்டு பெட்டிகளிலும் குறியிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு படத்தைக்கூட உள்ளே கொண்டுவருவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

குறியிட்டதும் ஒரு கூழைக்கடாவின் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர், இடம், குறிப்பு மூன்றையும் தமிழில் எழுதிச் சேமித்தேன். பிறகு கோப்புறையைத் திறந்து, புதிதாக முளைத்திருந்த எக்ஸ்எம்பி கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் பார்த்தேன். கோண அடைப்புகளுக்கு நடுவில் 'கூழைக்கடா' என்றும், அதற்குக் கீழே 'கிழக்குக் கரை, மூன்றாவது மரம், இரண்டு குஞ்சுகள்' என்றும் எந்த மென்பொருளின் உதவியும் இல்லாமல் படிக்க முடிந்தது. 27 மெகாபைட் படத்துக்குப் பக்கத்தில் சில கிலோபைட் அளவேயுள்ள கோப்பு அது. அன்று இரவுதான் பழைய இழப்பின் பயம் என்னை விட்டுப் போனது.

குறிச்சொற்களைத் தமிழிலேயே வைப்பது என்று உறுதியாக இருந்ததால், ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எதிர்கொள்ளாத இரண்டு சிக்கல்களை நான் தீர்க்க வேண்டியிருந்தது. முதலாவது ஐபிடிசி எனப்படும் பழைய குறிப்பு முறை தொடர்பானது. செய்தி நிறுவனங்களுக்காக உருவான அந்த முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் அது 64 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. புள்ளி, கொம்பு, கால் ஆகியவையும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. 'வெள்ளை அரிவாள் மூக்கன்' என்பதை எண்ணிப் பார்த்தேன்: 20 குறியீடுகளுக்கு 60 பைட், இரண்டு இடைவெளிகளுக்கு 2, ஆக 62. மயிரிழையில் உள்ளே அடங்கிவிடுகிறது. அதோடு 'கூடு' என்ற சொல்லைச் சேர்த்தால் 75 ஆகி, எல்லையை மீறிவிடும். எக்ஸ்எம்பி முறையில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனவே ஐபிடிசியை நம்பாமல், எக்ஸ்எம்பியையே முதன்மையாகக் கொண்டேன். பறவையின் பெயரையும் கூடு, குஞ்சு போன்ற நிலைகளையும் வெவ்வேறு குறிச்சொற்களாகப் பிரித்துக்கொண்டேன். தேடுவதற்கும் அதுவே வசதியாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. குறிச்சொல் பட்டியலில் 'கொக்கு' இரண்டு முறை வந்து நின்றது. எழுத்துப்பிழை எதுவுமில்லை, பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் 1,340 படங்கள், மற்றொன்றில் 212. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதோடு போராடிய பிறகே விளங்கியது. யூனிகோடில் 'கொ' என்பதை, ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாக நிற்கும்படியும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாவிட்டாலும், கணினி அவற்றை வெவ்வேறு சொற்களாகப் பிரித்துவிட்டிருந்தது. என்னுடைய பழைய குறிப்புகளில் ஒரு பகுதி, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பின்னர் மாற்றப்பட்டது. இரட்டைக் குறியீட்டுக் கொக்குகள் எல்லாம் அங்கிருந்துதான் வந்திருந்தன. அதே கண்ணோடு தேடியபோது 'கௌதாரி'யும் இரண்டாக இருந்தது. அங்கே நானே ஔகாரக் குறிக்குப் பதிலாக 'கெ' போட்டு 'ள' எழுதியிருக்கிறேன். பழைய சொல்லில் இருந்த படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, சரியான சொல்லை இட்டுவிட்டுப் பழையதை நீக்கினேன். தமிழில் குறிச்சொல் வைப்பவர்கள் ஒரே விசைப்பலகை முறையைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிய பெயர்களை ஒருமுறை தாமே திரும்பத் தட்டச்சு செய்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை குறையும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு தவறு செய்தேன். கோப்புறைகளை ஆண்டுவாரியாக மாற்றி அடுக்கலாம் என்று நினைத்து, கோப்பு மேலாளரிலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டு டார்க்டேபிளைத் திறந்தால், படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக மண்டை ஓட்டுச் சின்னங்கள் நின்றன. ஏற்கெனவே ஒருமுறை இழந்தவன் என்பதால் கை நடுங்கிவிட்டது. கோப்பை அது முன்பு இருந்த இடத்தில் காணவில்லை என்பதற்கு மேல் அந்தச் சின்னத்துக்குப் பொருள் இல்லை. இடப்பக்கப் பட்டியலில் அந்தக் கோப்புறையின் மீது வலச்சொடுக்கி, புதிய இருப்பிடத்தைக் காட்டியதும் படங்கள் திரும்பிவிட்டன. பக்கக் கோப்புகளும் படங்களோடு சேர்ந்தே நகர்ந்திருந்ததால் ஒரு குறிப்பும் போகவில்லை.

இரண்டு மென்பொருள்களும் ஒரே படத்துக்கு ஒரே பெயரில்தான் பக்கக் கோப்பை எழுதுகின்றன. முழுக் கோப்புப் பெயருக்குப் பின்னால் எக்ஸ்எம்பி என்ற ஒட்டு சேரும். இதனால் ஒன்றில் இட்ட நட்சத்திரமும் குறிச்சொல்லும் மற்றொன்றுக்குத் தெரியவருகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெயரிடும் வேலையை டிஜிகேமில் முடித்து மூடிவிட்டு, அதன் பிறகே டார்க்டேபிளைத் திறக்கிறேன். தொடங்கும்போது மாறிய பக்கக் கோப்புகள் உள்ளனவா என்று தேடிப் பார்க்கும் ஓர் அமைப்பு அதில் உண்டு. அதை இயக்கி வைத்திருக்கிறேன்.

இனி திருத்தும் வேலைக்கு வருகிறேன். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒளிமேசையில் பளிச்சென்று தெரிந்த படம், இருட்டறைக்குள் கொண்டுபோனதும் நிறம் வேறாகி, வெளிறிப்போய் நின்றது. ஒளிமேசையில் நாம் பார்ப்பது ரா கோப்புக்குள் கேமரா பொதிந்து வைத்த ஜேபெக் படம். இருட்டறையில் பார்ப்பதோ சென்சார் பதிந்த தரவிலிருந்து டார்க்டேபிள் தானே உருவாக்கிய படம். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிப்படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான். அந்தக் கூடுதல் படிகளைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்ற முடிவைக் கேமராவுக்குப் பதிலாக நாம் எடுக்கிறோம் என்று புரிந்த பிறகு, அந்த வெளிறிய தோற்றத்தை ஒரு தொடக்கப் புள்ளியாக ஏற்றுக்கொண்டேன்.

அடுத்ததாக வெள்ளைக் கொக்குகள் எல்லாம் சுண்ணாம்புபோல் வெளுத்துத் தெரிந்தன. கறுத்த நீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பறவையை எடுக்கும்போது, இறகின் நுணுக்கம் அழியாமலிருக்க நான் கேமராவில் வேண்டுமென்றே 1 ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்துத்தான் எடுப்பேன். டார்க்டேபிளில் ஒளியளவைத் திருத்தும் எக்ஸ்போஷர் தொகுதியோ, நாம் கேமராவில் குறைத்ததை ஈடுகட்டி 1 ஸ்டாப் ஏற்றுகிறது; அதற்கு மேல் வழக்கமான தொடக்க அளவாக 0.7 ஸ்டாப்பும் சேர்க்கிறது. ஆக 1.7. நடுத்தர ஒளியுள்ள பகுதிகளை முதலில் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, மிகுந்த வெளிச்சத்தைப் பிறகு சிக்மாய்ட் அல்லது ஃபில்மிக் தொகுதியைக் கொண்டு அடக்குவது அதன் வேலைமுறை. மர நிழலில் இருக்கும் கூட்டுக் காட்சிகளுக்கு இந்த முறை மிகச் சிறப்பாகப் பொருந்துகிறது. ஆனால் படத்தின் பொருளே வெள்ளை நிறமாக இருக்கும்போது, ஈடுகட்டும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் முடிவு. குறியை எடுத்து, சிக்மாய்டின் கான்ட்ராஸ்டைச் சற்றுக் குறைத்ததும், கொக்கின் முதுகில் இழை இழையாகத் தொங்கும் இனப்பெருக்கக் காலத்து இறகுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ரா தரவிலேயே நிரம்பி வழிந்துவிட்ட புள்ளிகளை மட்டும் நிறமிட்டுக் காட்டும் ஒரு பொத்தானும் இருட்டறையில் உண்டு. அதை அழுத்திப் பார்த்தபோது, கெட்டுப்போயின என்று நான் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் பல, உண்மையில் சிறிதும் கெடவில்லை என்று தெரிந்தது.

வெண்சமநிலைக்கு, அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்வதற்கு, இரண்டு தொகுதிகள் இருப்பது புதியவர்களைக் குழப்பும். ஒயிட் பேலன்ஸ் தொகுதியைத் தொடாமல் அதன் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்டு, கலர் கேலிபரேஷன் தொகுதியில்தான் ஒளியின் நிறத்தைத் திருத்த வேண்டும். இரண்டையும் மாற்றினால் மென்பொருளே எச்சரிக்கை காட்டுகிறது. விடியற்காலையின் மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200-இல் எடுத்த படங்களுக்கு, ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் ஐஎஸ்ஓ அளவுக்கும் ஏற்ப அளந்து வைத்த இரைச்சல் விவரங்களைப் பயன்படுத்தும் தொகுதி இருக்கிறது. அதை இயக்கினாலே போதும். நான் அதில் ஒரு ஸ்லைடரையும் நகர்த்துவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டோன் ஈக்வலைசர். மஞ்சள் மூக்கு நாரையின் கூட்டில் தாயின் மேல் வெயில் விழுந்து, குஞ்சுகள் அதன் நிழலுக்குள் கறுத்துக் கிடந்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. இந்தத் தொகுதியைத் திறந்து, குஞ்சின் தலைமேல் மௌஸைக் கொண்டுபோய்ச் சக்கரத்தை மெல்ல உருட்டினால், அந்த அளவு ஒளி உள்ள பகுதிகள் மட்டும் மேலெழும்பி வருகின்றன. தாயின் இறகில் மாற்றம் தெரிவதில்லை. நான்கைந்து உருட்டலில் மூன்றாவது குஞ்சு ஒன்று தெரிந்தது. 2013-இல் எடுத்த படம் அது. அந்தக் கூட்டில் இரண்டு குஞ்சுகள் என்றே இத்தனை ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தேன். குறிப்பை அன்றே திருத்தினேன்.

நான்காம் மாதத்தில் வீட்டுப் படங்களையும் டிஜிகேமுக்குள் கொண்டுவந்தேன். முகங்களை அடையாளம் காணும் வேலையை அது நம் கணினியிலேயே செய்கிறது. அதற்குத் தேவையான மாதிரிக் கோப்புகளை முதல் முறை மட்டும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. படங்கள் வெளியே போவதில்லை. ஸ்கேன் செய்த பழைய கல்யாணப் படங்களில் அது கண்டெடுத்த முகங்களுக்குப் பெயரிட அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"இது யாரும்மா, கதவோரம் நிக்கிறது?"

"உங்க சின்னத் தாத்தாடா. அன்னைக்குப் பந்திக்கு நின்னதே அவருதான். பேரு போட்டுக்கோ."

பெயர் இட இட, உறுதி செய்யப்படாத முகங்கள் என்ற பட்டியலில் அது தானாகவே பரிந்துரைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. இருபது வயது அம்மாவை என் மகள் என்று மூன்று படங்களில் சொன்னது. அம்மா அந்த மூன்றையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

இப்போது என் வேலைமுறை ஓரளவு நிலைபெற்றுவிட்டது. படங்களை இறக்கியதும் டிஜிகேமில் பறவை, இடம், நிலை ஆகியவற்றைக் குறிக்கிறேன். டார்க்டேபிளின் ஒளிமேசையில் வேண்டாதவற்றுக்கு 'ஆர்' விசையையும், வேண்டியவற்றுக்கு எண் விசைகளையும் அழுத்தி நட்சத்திரமிடுகிறேன். மூன்று நட்சத்திரத்துக்கு மேல் பெற்றவை மட்டும் இருட்டறைக்குப் போகின்றன. ஒரே வெளிச்சத்தில் எடுத்த வரிசையில் ஒன்றைத் திருத்தி, அந்தத் திருத்தங்களை நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டிவிடுவதால், 800 படங்கள் கொண்ட ஒரு காலையை இரண்டு மாலைகளில் முடிக்க முடிகிறது. ஞாயிறுதோறும் படங்களும் பக்கக் கோப்புகளும் இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் ஏறுகின்றன. இழந்த எட்டு மாதக் குறிப்புகளில், பயண நோட்டில் கையால் எழுதியிருந்தவற்றைப் பார்த்துக் கரிக்கிலிப் படங்கள் வரை மீட்டுவிட்டேன். கூந்தன்குளத்துக் கோப்புறைகள் ஆறு இன்னும் பாக்கி இருக்கின்றன.