பால்மாப் பேணிக்குள் உருண்ட கற்கள்

1979இல் ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர், அதற்கு முன் திருகோணமலையில் படிப்பித்தவர். ஒருநாள் அங்கிருந்து கொண்டுவந்த அரைச் சாக்குக் கற்களை ஆய்வுகூட மேசையில் கொட்டினார். யாழ்ப்பாணத்தில் எங்கே கிண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். குவார்ட்ஸ் என்ற கடினமான கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தது எங்களில் பலருக்கு அன்றுதான் முதல் தடவை.

பழைய மேசை விசிறி மோட்டர், வேகத்தைக் குறைக்க ஒரு சைக்கிள் றிம், உள்ளே ரியூப் ரப்பர் ஒட்டிய பெரிய பால்மாப் பேணி. அந்தக் கற்களை உருட்டி மினுக்க அவர் செய்த மெஷின் இவ்வளவுதான். முக்கால் பேணிக்குக் கல், கல் மூடியும் மூடாமலும் தண்ணீர், இரண்டு மூன்று கரண்டி கார்பரண்டம் என்ற, கல்லை அராவும் பொடி. நிமிடத்துக்கு 30 சுற்றுப் போலத்தான் ஓடவிட்டார். வேகம் கூடினால் கல் உருளாமல் எகிறி விழுந்து வெடிக்குமாம். "மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிச் செய்யிற வேலையை இந்தப் பேணி இருந்த இடத்திலேயே செய்யப்போகுது" என்றார்.

நம்பர் கூடக் கூடப் பொடி நைசாகும். 80ஆம் நம்பர் பொடியில் ஒரு கிழமை, 220இல் ஒரு கிழமை, 500இல் ஒரு கிழமை, கடைசியாக மினுக்கும் பொடி. இரவு பகலாகக் கரகரவென்று ஓடும். ஒவ்வொரு முறையும் பேணியையும் கற்களையும் பிரஷ் போட்டுக் கழுவவேண்டும். பழைய பொடியில் ஒரு துணிக்கை தங்கினாலும் அடுத்த கிழமை எல்லாக் கல்லிலும் கீறல் விழும்.

இரண்டாம் தவணையில் நான் ஒரு வேலை பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் எடுத்த பாக்களவு சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் பேணிக்குள் போட்டுவிட்டேன். கிழமை முடிந்து திறந்தால் அதைக் காணவில்லை. தண்ணீர் மட்டும் மோர் மாதிரித் தடித்துக் கிடந்தது. பயந்து பயந்து சொன்னேன். சேர் ஏசவில்லை.

"கல்லு எங்கை போனது?"

"கரைஞ்சிட்டுது சேர்."

"கரைஞ்சதோ, அரைபட்டதோ? எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

சேற்றை வடித்து வெயிலில் காயவைத்தோம். ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் இரண்டு துளி விட்டதும் சர்ரென்று நுரைத்தது. முந்தின தவணைச் சேற்றையும் ஒரு போத்தலில் வைத்திருந்தார். அதில் விட்டால் ஒன்றுமில்லை. என் கல் மாவாகி அங்கேயே இருந்தது. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7 உள்ள குவார்ட்ஸோடு 3 உள்ள கல்லை உருளவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு அதற்குப் பிறகு யாரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈரத்தில் எல்லாக் கல்லும் மினுங்கும். நாங்கள் கத்திக் குதிப்போம். சேர் ஒரு கல்லை எடுத்துத் துவாயால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், அது மங்கிவிடும். "பொறுங்கோ, இன்னும் வரேல்லை." கடைசிக் கிழமை துடைத்தபிறகும் ஜன்னல் கம்பிகள் கல்லில் தெரிந்தன. அப்போதுதான் சிரித்தார்.

ஆளுக்கொரு கல் தந்தார். 1984இல் நான் வெளிக்கிட்டபோது என்னுடையதை அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டு வந்தேன். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அலுமாரியும் இல்லை, கல்லும் இல்லை. எங்கள் வகுப்பில் யாரிடமாவது அந்தக் கல் இன்னும் இருந்தால், ஒரு படம் எடுத்து அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.