சுவருக்கு அப்பால் ஒரு கௌதாரிக் குடும்பம்

தில்லி வசந்த் குஞ்சில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டின் பின்சுவரைத் தாண்டினால், ஆரவல்லி மலைத்தொடரின் எச்சமான ரிட்ஜ் காடு தொடங்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி சீமைக்கருவேலம். இராமநாதபுரத்தில் வளர்ந்த எனக்குப் பழகிய மரம்.

ஜூலையில் பெய்த முதல் மழைக்கு மறுநாள், அந்த முள்மரத்தடியிலிருந்து ஒரு கௌதாரி இணை ஐந்து குஞ்சுகளுடன் வெளியே வந்தது. கோழிக்குஞ்சைப் போலவே கௌதாரிக் குஞ்சும் பொரித்த சிறிது நேரத்திலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும்; கூடு என்பது தரையில் பறித்த சிறு பள்ளம் மட்டுமே என்பதால், அங்கேயே தங்குவது அவற்றுக்கு ஆபத்து. ஈர மண்ணிலிருந்து ஈசல் கிளம்பிய அந்தக் காலையில், தாய் கிளறிக் காட்டிய இடத்தையெல்லாம் குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு கொத்தின. சுவரோரம் ஒரு கீரி தலைகாட்டியதும், தாய் தணிந்த குரலில் ஒரேயொரு ஒலி எழுப்பியது. ஐந்தும் நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டன. சருகின் நிறத்தோடு அவற்றின் முதுகுக் கோடுகள் அப்படியே கலந்துவிட்டதால், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தும் என்னால் மூன்றைத்தான் எண்ண முடிந்தது.

மயிலும் புள்ளி ஆந்தையும் இங்கு அன்றாடம் வருபவை. ஆனாலும், விடியலில் ஆண் கௌதாரி கூவும் குரல்தான் எனக்கு ஊர்க் காட்டை நினைவூட்டுகிறது.

பின்கட்டுப் புல்லைச் செப்டம்பர் முடியும்வரை வெட்ட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.