டச்சு இதய அறிக்கைகளை ஆங்கிலமாக்கிய அனுபவம்

நெதர்லாந்தில் இதய நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர வேண்டி வந்தால், மூட்டை கட்டுவதற்கு முன்பே மருத்துவக் கோப்பை மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவது நல்லது. உட்ரெக்டிலிருந்து மான்செஸ்டருக்கு நாங்கள் மாறியபோது என் கணவரின் கோப்பை நானே ஆங்கிலமாக்கினேன். இதயத்தின் முன்சுவரில் பழைய மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட், இடக் கீழறையின் சுருங்கும் திறனில் குறைவு, இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வில் கசிவு. இவைதான் கோப்பின் சாரம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. டச்சு மொழியில் பல ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்தவள். மான்செஸ்டரில் ரேடியோகிராஃபராக இருக்கும் என் சித்தி மகள் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஆவணங்களைச் சேர்ப்பது எளிதாகவே முடிந்தது. நோயாளி தன் கோப்பைப் பார்க்கவும் பிரதி கேட்டு வாங்கவும் நெதர்லாந்துச் சட்டம் உரிமை தருகிறது. டிஜிடி என்ற அரசின் இணைய அடையாளத்தைக் கொண்டு மருத்துவமனையின் இணையதளத்துக்குள் நுழைந்ததும் கடிதங்களும் அறிக்கைகளும் கிடைத்தன. எக்ஸ்-ரே, சி.டி., எக்கோ, ஆஞ்சியோ ஆகியவற்றின் மூலப் படங்களை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கினோம். அவற்றைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை எந்த நாட்டு மருத்துவரும் நேரடியாகப் பார்த்துக்கொள்வார். மொழிபெயர்ப்பில் ஏதேனும் ஐயம் எழுந்தால் அதைத் தீர்ப்பதற்கும் அதுதான் கையில் இருக்கும்.

நீளமான டச்சுச் சொற்களைக் கண்டுதான் முதலில் எல்லோரும் மலைக்கிறார்கள். உண்மையில் அவை சாதுவானவை. இதயத்தின் கீழறைக்கு 'காமெர்', அதாவது அறை. தமிழிலும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். மேலறைக்கு 'பூசெம்'. இதயத் தமனிக்கு 'க்ரான்ஸ்-ஸ்லக்-ஆடர்'. இடது மேலறையின் ஓரத்தில் பை போல இருக்கும் பகுதிக்கு 'ஹார்ட்-ஓர்', இதயத்தின் காது. ஒரே பக்கத்தில் இந்த வீட்டுச் சொற்களும் லத்தீன் சொற்களும் கலந்து வரும். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று தெரிந்துவிட்டால் போதும். இவற்றை எந்த அகராதியும் சரியாகச் சொல்லிவிடும், மொழிபெயர்ப்பு மென்பொருளும்கூட.

ஆபத்து இருப்பது இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்களில். ஆங்கிலத்திலும் அதே எழுத்துகள் இருப்பதால் மென்பொருள் அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். படிப்பவருக்கும் சந்தேகம் எழாது. என் கணவரின் எக்கோ அறிக்கையில் எம்.ஐ. என்று இருந்தது. டச்சு எக்கோ அறிக்கையில் அது மைட்ரல் வால்வுக் கசிவு. ஆங்கில மருத்துவரிடம் அதே இரண்டெழுத்து மாரடைப்பு. “அக்கா, இதை இப்படியே விட்டால் இங்கே இரண்டாவது மாரடைப்பு என்றுதான் படிப்பார்கள்” என்றாள் தங்கை. ஆகவே அதை 'மைட்ரல் ரிகர்ஜிடேஷன்' என்று முழுதாக விரித்து எழுதினேன். உண்மையான மாரடைப்பைக் கோப்பு வி.டபிள்யூ.ஐ. என்று குறித்திருந்தது, முன்சுவர் இன்ஃபார்க்ட் என்பதன் சுருக்கம் அது.

இந்த வகையில் இன்னும் பல உண்டு. எச்.எஃப். டச்சில் இதயத் துடிப்பின் வேகம். ஆங்கிலத்தில் இதயச் செயலிழப்பு. ஏ.எஃப். டச்சுக் கடிதத்தில் சுவாச வேகமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் மேலறைத் துடிப்புக் கோளாறு. ஆர்.ஆர். ஆங்கிலத்தில் சுவாச வேகம், டச்சில் ரத்த அழுத்தம். 1896இல் ரத்த அழுத்தமானியை விவரித்த இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சியின் பெயரிலிருந்து வந்தது அது. ஆஞ்சியோ அறிக்கையில் ஆர்.டி.ஏ. என்று வருவது ஆங்கிலேயர் எல்.ஏ.டி. என்று அழைக்கும் முன் இறங்கு தமனி. இதயத்தின் இடப்பக்கத் தமனி அது. ஆனால் 'ஆர்' என்ற எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலம் படிப்பவர் வலப்பக்கம் என்று நினைத்துவிடக்கூடும். கோப்பு முழுவதிலும் ஒரு சுருக்கத்தைக்கூட நான் சுருக்கமாக விடவில்லை. எனக்குப் புரியாதவற்றை ஊகிக்காமல், மருத்துவரின் உதவியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்.

அடுத்த கண்ணி 'மாட்டெக்' என்ற சொல். அகராதியில் அதற்கு மிதமான என்று பொருள். வால்வுக் கசிவுக்கு முன்னால் வந்தால் 'மாடரேட்' என்று எழுதலாம், சரியாக இருக்கும். இடக் கீழறையின் செயல்பாட்டுக்கு முன்னால் அது வந்தால் நிலைமை வேறு. டச்சு மருத்துவர்கள் அந்தச் செயல்பாட்டை நல்லது, பரவாயில்லை, மாட்டெக், மோசம் என்று படிப்படியாகக் குறிக்கிறார்கள். மோசத்துக்கு ஒரு படி மேலே நிற்பது இது. 'மிதமான செயல்பாடு' என்று பெயர்த்தால் ஓரளவு நன்றாகவே இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். 'மிதமாகக் குறைந்துள்ளது' என்பதே சரி. அருகில் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம், இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.

நோய் இல்லை என்று சொல்லும் வாக்கியங்களிலும் கவனம் தேவை. 'கேன் ஆன்வைசிங்கன் ஃபோர்' என்று டச்சு எழுதினால் இன்னதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் 'நோ இண்டிகேஷன் ஃபார்' என்று மாற்றினால், ஆங்கில மருத்துவர் அதை ஒரு பரிசோதனையோ சிகிச்சையோ தேவையில்லை என்று எடுத்துக்கொள்வார். 'நோ எவிடன்ஸ் ஆஃப்' என்றுதான் எழுத வேண்டும். வாய்ப்புண்டு, பெரும்பாலும், விலக்க முடியாது, சந்தேகம் என்ற நிச்சயத்தின் அளவுகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வீட்டார் மொழிபெயர்க்கும்போது ஆறுதலான பக்கம் மனம் சாயும்; அதை அடக்கத்தான் வேண்டும்.

மார்பு எக்ஸ்-ரே அறிக்கைகள் குட்டையானவை. ஆனால் அவற்றுக்கென்று ஒரு தனி நடை உண்டு. 'சைனஸ்கள் தெளிவு' என்று இருந்தது. நமக்கு சைனஸ் என்றால் மூக்கடைப்பு. அங்கே அது விலா எலும்பும் உதரவிதானமும் சந்திக்கும் மூலை. நீர் கோத்தால் முதலில் மங்குவது அந்த மூலைதான். 'ஸ்டூவிங்' என்ற சொல்லுக்கு அகராதியில் உந்துதல் என்ற பொருள் உண்டு. இதய அறிக்கையில் அது நுரையீரல் ரத்தக் குழாய்களின் தேக்கம், 'கன்ஜெஷன்'. 'ப்ளாங்கோ' என்பது சி.டி.க்கு முன்னால் வந்தால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுத்தது. முந்தைய நோய்களைப் பற்றிய வரியில் வந்தால் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை. 'பெட்-ஃபோட்டோ' என்பது படுக்கையிலேயே எடுத்த எக்ஸ்-ரே. அந்தத் தகவலை விட்டுவிடாதீர்கள்: அப்படி முன்பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில் இதய நிழல் உள்ளதைவிடப் பெரிதாக விழும்; நின்றபடி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் இதயம் வீங்கிச் சுருங்கியதாகத் தோன்றும்.

நுரையீரல் படத்தில் தெரியும் மங்கலைக் குறிக்கும் 'இன்ஃபில்ட்ராட்' என்ற சொல் டச்சு அறிக்கைகளில் தாராளமாக வருகிறது. மார்புப் படவியல் வல்லுநர்களின் ஃப்ளெய்ஷ்னர் சங்கம் 2008இல் வெளியிட்ட மார்புப் படச் சொற்பட்டியல், ஆங்கிலத்தில் அதைத் தவிர்த்து 'ஒபாசிட்டி' (மங்கல்) என்று எழுதுவதையே விரும்புகிறது. நான் அறிக்கையில் இருந்த சொல்லையே வைத்துக்கொண்டேன். எழுதிய மருத்துவரின் கணிப்பைத் திருத்துவது என் வேலை அல்ல என்று இன்றும் நினைக்கிறேன். தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலைக் குறிக்கும் 'மட்கிளாஸ்' என்பதற்கு நேர்ச்சொல்லான 'கிரவுண்ட் கிளாஸ்' மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது.

ஸ்டென்ட் வைத்த கதையை டச்சுக்காரர்கள் 'டொட்டெரன்' என்ற வினைச்சொல்லால் சொல்கிறார்கள். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அடைபட்ட கால் தமனியைக் குழாய் செலுத்தித் திறந்த சார்லஸ் டாட்டரின் பெயர் அது. ஆங்கிலத்தில் 'ஆஞ்சியோபிளாஸ்டி' என்று எழுதிவிடுங்கள்.

எண்களைக் கடைசியில் தனியாக ஒருமுறை சரிபார்த்தேன். டச்சில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 4,6 செ.மீ. என்பதை 4.6 ஆக்க வேண்டும். இதயத் தமனிக் கால்சியம் அளவு டச்சில் 1.050 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐம்பது. மாற்றாமல் விட்டால் ஆங்கிலத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். 400ஐத் தாண்டினாலே அதிகப் படிவு என்று கணக்கிடும் அளவுகோல் அது.

மென்பொருளை முதல் வரைவுக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. பெயர், பிறந்த தேதி, குடிமக்கள் எண் மூன்றையும் நீக்கிய பிறகே அறிக்கையை அதில் இட்டேன். முடித்த மொழிபெயர்ப்பில், வரிக்கு வரி டச்சு மூலம் இடப்பக்கம், ஆங்கிலம் வலப்பக்கம் என்று அமைத்து, இது குடும்பத்தார் செய்தது என்று மேலே எழுதினேன். மான்செஸ்டரில் இதய மருத்துவர் முடிவுரையையும் ஆஞ்சியோ பகுதியையும் முதலில் படித்தார், பழைய எக்கோ படங்களைத் திறந்து அளவுகளை ஒப்பிட்டார், புதிய எக்கோவுக்கு எழுதிக் கொடுத்தார். எங்களிடம் சான்றளித்த மொழிபெயர்ப்பை அவர்கள் கேட்கவில்லை. காப்பீடோ வழக்கோ காரணமாக உங்களிடம் கேட்டால், நெதர்லாந்தில் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று அரசுப் பதிவேடு இருக்கிறது. அதில் டச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்களைத் தேடி, மருத்துவ அறிக்கைகளில் பழக்கம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.